கொம்பு ஊதுகிறவன் நகரக் கூடாது

டுவாடபெரி
11 ஜூலை 1993

அன்புள்ள நைரி,

இதை எழுதுவது நான்தான். டூகல். உன் கணவன். யாரையும் கூப்பிட்டு எழுதவைக்கவில்லை. முதலில் உன் பெயரை மட்டும் எழுதிப் பார்த்தேன். நன்றாக வந்தது. அதனால் மற்றதையும் எழுதத் துணிந்தேன்.

எழுதும்போது தாள் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதைப் பிடிக்க இடது கை இல்லையே. அதனால் தாளின் தலைமேல் நீ செய்த பிளம் ஜாம் பாட்டிலை வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வரி முடிந்ததும் பாட்டிலைக் கொஞ்சம் மேலே தள்ளவேண்டும். தள்ளும்போது பாட்டிலின் மேல் ஒட்டிய சீட்டைப் படிக்கிறேன். பிளம். இத்தனை வருஷமாக அதில் அப்படித்தான் எழுதியிருக்கிறாயா? நிறத்தைப் பார்த்தே எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். மருத்துவமனையில் தினமும் ஓர் அட்டை கொடுப்பார்களே, வேண்டிய சாப்பாட்டுக்கு எதிரே கோடு போட. நீ இருந்தவரை நீ படித்துச் சொன்னாய். நீ போன பிறகு கண்ணை மூடிக்கொண்டு கோடு போட்டேன். வாரம் முழுக்க வேகவைத்த மீன் வந்தது. "உங்களுக்கு மீனுன்னா உசிரு போல" என்றாள் நர்ஸ். ஆமாம் என்று தலையாட்டித் தின்றேன். வீட்டுக்கு வந்ததும் நேரே நூலகத்துக்குப் போனேன். அங்கே வியாழக்கிழமைகளில் ஜோசி என்ற பெண் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறாள். "கண்ணாடியை மறந்து வெச்சுட்டு வந்துட்டேன்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன், எழுபத்தொரு வயதில் முதல் தடவையாக "எனக்குப் படிக்கத் தெரியாதும்மா" என்றேன். அவள் சிரிக்கவில்லை. பென்சிலைக் கையில் கொடுத்தாள்.

நைரி, எழுத்து நல்ல பொருள். முன்பே யாராவது சொல்லியிருக்கலாம். நீ சொன்னாய். நான் கேட்கவில்லை.

தொலைபேசியில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது அல்லவா? ஆகையால் கேள். வீட்டுக்கு வா. நீ சுட்டது உனக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். இந்தக் கடிதத்தை உன் தங்கை பெரிலிடம் காட்டாதே. மான் வேட்டையன்று கரைமேட்டில் ஏறும்போது துப்பாக்கியை நானே குழலைப் பிடித்து இழுத்தேன், வெடித்துவிட்டது என்று ஊர் நம்புகிறது. நம்பட்டும். மதுக்கடையில் ஸ்டூ தினமும் கேட்கிறான்: "என்ன டூகல், குண்டு எந்தப் பக்கமா வெளிய வரும்னு இப்பவாவது தெரிஞ்சுதா?" நானும் விடவில்லை. "தெரிஞ்சுதுடா. உன் பொண்டாட்டி வாய் மாதிரி, எப்பவும் நம்ம பக்கம்தான்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்கு வலி குறைந்துவிட்டது. இல்லாத விரல்கள்தான் சில நாள் அரிக்கின்றன. அவற்றை எங்கே சொறிவது?

உன்
டூகல்


ஓமரூ
24 ஜூலை 1993

டூகல்,

உன் கடிதத்தை ஜோசிதான் எழுதியிருப்பாள் என்று முதலில் நினைத்தேன். ஆனால் ஸ்டூவின் மனைவி வாயைப் பற்றிய அந்த வரியை எந்த நூலகப் பெண்ணும் எழுதமாட்டாள். நீதான். படித்து அழுதேன். சந்தோஷத்தில் என்று நினைத்துக்கொள்ளாதே. நாற்பது வருஷம் சமையல் மேசையில் உட்கார்ந்து கெஞ்சினேன். எனக்காகக் கற்றுக்கொள்ளாததை, வேகவைத்த மீனுக்காகக் கற்றுக்கொண்டிருக்கிறாய்.

நான் ஏன் கிளம்பி வந்தேன் என்று உனக்குப் புரியவே இல்லை. உன்னோடு சண்டை என்று நினைக்கிறாய். கறிச்சட்டிகளால் வந்தேன். நீ மருத்துவமனையில் கிடந்தபோது ஊரில் ஒவ்வொருத்தியும் வாசலில் ஒரு சட்டி வைத்துவிட்டுப் போனாள். ஆட்டுக்கறி, கோழி, கறி அடைத்துச் சுட்ட அப்பம். "பாவம் நைரி, அந்த மடக் கெழவனை மலையிலேருந்து ஒத்தையா இழுத்துட்டு வந்தியே, நீ இல்லேன்னா செத்திருப்பான்" என்றார்கள். உன் கையைக் கிழித்தது என் குண்டு. அதற்கு எனக்கு விருந்து. ஒரு சட்டியைக்கூட என்னால் திறக்க முடியவில்லை. எல்லாவற்றையும் தோட்டத்தில் புதைத்துவிட்டுப் பேருந்து ஏறினேன்.

கான்ஸ்டபிளிடம் நீ பொய் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றேன். முழங்கை வரை உன் ரத்தம். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் எனக்குத் தேநீர் வாங்கித் தந்தார். அந்தத் தேநீரைக் குடித்தேன், டூகல். சர்க்கரை அதிகம்.

அவரிடம் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன். முழு மானைப் பார்க்காமல் விரலை அசைக்கக் கூடாது. இது தெரியாதவன் கையில் யாரும் துப்பாக்கி கொடுப்பதில்லை. நான் பெரணிப் புதருக்கு நடுவே பழுப்பாக ஏதோ அசைவதைப் பார்த்தேன். அதை மான் என்று நம்பிச் சுட்டேன். அது என் குற்றம். அதைத் தூக்கிக்கொண்டு நீ எங்கே போகிறாய்?

ஒன்று மட்டும் கேட்கிறேன். நம் இருவருக்குள்ளும் ஒரு விதி இருந்தது. கீழே ஓடைக்கரைத் தட்டைக்கல்லில் நின்று, மானை வரவழைக்க அதன் குரலில் நீ கொம்பு ஊதுவாய். மேலே நான் துப்பாக்கியோடு காத்திருப்பேன். கொம்பு ஊதுகிறவன், சுடுகிறவள் கூப்பிடும்வரை கல்லை விட்டு நகரக் கூடாது. திருமணமான வருஷத்திலிருந்து நீ ஒரு தடவைகூட நகர்ந்ததில்லை. அன்றைக்கு ஏன் நகர்ந்தாய்?

நைரி


டுவாடபெரி
15 ஆகஸ்ட் 1993

அன்புள்ள நைரி,

நீ பதில் போட்டுவிட்டாய்! தபால்காரன் உறையைக் கொடுத்ததும் வாசலிலேயே நின்று படித்தேன். சில இடங்களில் உன் எழுத்து சாய்ந்துபோகிறது, அங்கே மட்டும் திணறினேன். "கறிச்சட்டி" என்ற வார்த்தையில் சாயங்காலம் வரை நின்றேன். இப்போது அது எனக்கு அத்துப்படி.

தோட்டத்தில் மண் கிளறியிருந்ததற்குக் காரணம் இதுதானா? உருளைக்கிழங்கு அங்கே மட்டும் பிரமாதமாக வந்திருக்கிறது.

கான்ஸ்டபிளிடம் போகாதே. போனால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். உன் துப்பாக்கியை எடுத்துக்கொள்வார்கள். உரிமம் போகும். கோர்ட்டில் நிறுத்துவார்கள். ஊரில் பெண்களுக்குக் குறி பார்க்கச் சொல்லிக்கொடுத்தவள் நீ. வேட்டைக் கழகத்தில் உன் படம் மாட்டியிருக்கிறது. அதைக் கழற்றிவிடுவார்கள். எனக்கு என்ன? நான் ஏற்கெனவே ஊருக்கு ஒரு முட்டாள். ஒரு முட்டாள்தனத்தோடு இன்னொன்று. எனக்கு அது பாரமே இல்லை. கிட்டத்தட்டப் பிடித்துக்கூடப் போய்விட்டது.

அன்றைக்கு ஆம்புலன்ஸில் நான் மயங்கிக் கிடந்ததாக நீ நினைத்தாய். உன்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன். "நான்தான், நான்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். பக்கத்தில் இருந்தவர் "என்னம்மா? நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார். அதனால்தான் கண்ணைத் திறந்து முதல் பொய்யைச் சொன்னேன். "எம் பொண்டாட்டி பதட்டத்துல ஒளர்றா. நான்தான் குழலைப் புடிச்சு இழுத்தேன்." அந்த நேரத்தில் அவ்வளவு நன்றாக ஒரு பொய் வந்ததே என்று எனக்கே ஆச்சரியம்.

நீ கேட்ட கேள்விக்கு அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். கை வலிக்கிறது. ஜோசி எனக்கு ஆட்டு மந்தையைப் பற்றிய ஒரு புத்தகம் தந்திருக்கிறாள். குழந்தைகள் புத்தகம். அதை எழுதினவனுக்கு ஆட்டைப் பற்றி ஒரு மண்ணும் தெரியவில்லை.

உன்
டூகல்


ஓமரூ
5 செப்டம்பர் 1993

டூகல்,

அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன் என்றாய். அந்தக் கடிதம் வரவில்லை. அதற்குப் பதில் ஒரு பெட்டியில் உருளைக்கிழங்கு வந்தது. பெரில் அவித்துச் சாப்பிட்டாள். நான் தொடவில்லை.

உனக்கு ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். நம் வீட்டுக்கு வந்த காகிதம் எல்லாவற்றையும் நான்தான் உனக்குப் படித்தேன். உன் அண்ணன் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டி எழுதியிருந்தானே, அதைப் பாதியில் நிறுத்தி "இதை விட்டுடவா?" என்று கேட்டேன். "எல்லாத்தையும் படி. நீ விட்டா எனக்கு வேற யாரு இருக்கா?" என்றாய். நமக்குக் குழந்தை இல்லை, இனியும் வாய்க்காது என்று டாக்டர் எழுதிய கடிதம் வந்தபோது உன் எதிரே உட்கார்ந்து அதையும் படித்தேன். நடுவில் எழுந்து போனேன். தண்ணீர் குடித்துவிட்டு மீதியையும் படித்தேன். எனக்காகக்கூட ஒரு வரியை விடவில்லை.

இப்போது உனக்கு எழுதத் தெரிந்திருக்கிறது. நீ முதலில் செய்வது ஒரு வரியை விடுவது. விட்ட வரி நான்.

போன ஞாயிற்றுக்கிழமை பெரிலின் நாய் தோட்டத்துப் பெரணிப் புதருக்குள் புகுந்தது. பழுப்பு நாய். புதர் அசைந்தது. பட்டப்பகல். நான் தேநீர்க் கோப்பையோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். "என்னக்கா, என்ன ஆச்சு? யாருக்காவது போன் போடவா?" என்று பெரில் ஓடிவந்தாள். என்ன சொல்வது அவளிடம்? "நாய்" என்றேன். "அது எப்பவும் இருக்கிற நாய்தானே" என்றாள்.

திங்கட்கிழமை இங்கே போலீஸ் நிலையத்துக்குப் போகிறேன். உன்னைக் கேட்டுக்கொண்டு போகவில்லை. தெரிவிக்கிறேன்.

இரண்டாவது முறையாகக் கேட்கிறேன். ஏன் நகர்ந்தாய்?

நைரி


டுவாடபெரி
28 நவம்பர் 1993

நைரி,

இன்று செய்தித்தாள் வாங்கினேன். வாழ்க்கையில் முதல் தடவை. கடைக்காரன் கூடக் கேட்டான்: "அடுப்பு பத்த வைக்கவா டூகல்? பழசு தரேன், சும்மா எடுத்துட்டுப் போ." இல்லை, படிக்க என்றேன். நானே தேடி, நானே கண்டுபிடித்து, விரலை வைத்துப் படித்தேன். உன் பெயர். அதற்குப் பக்கத்தில் உன் வயது. வயதைப் போட்டதற்கு நீ கோபப்படுவாய். பிறகு கவனக்குறைவு. பிறகு அபராதம். பிறகு உரிமம் ரத்து. என் பெயர் கடைசியில், பொய் சொன்னதற்காக எச்சரிக்கப்பட்டவர் என்று. நான் படித்த முதல் செய்தி இதுதான். இதற்காகவா வியாழக்கிழமை வியாழக்கிழமையாக உட்கார்ந்தேன்?

எனக்குக் கோபம். எழுதிவிடுகிறேன். உனக்காக நான் வாங்கி வைத்திருந்த கேலியை எல்லாம் நீ திருப்பிக் கொடுத்துவிட்டாய். கான்ஸ்டபிள் வீட்டுக்கே வந்து கத்தினார். "ஏன்யா, என்னை என்ன கேனயன்னு நெனச்சியா? அந்த அம்மாவுக்கு நான் டீ வாங்கிக் குடுத்தேன்யா!" என்றார். தேநீர்தான் அவருக்கும் உறுத்துகிறது போல.

மதுக்கடையில் இப்போது யாரும் எதுவும் கேட்பதில்லை. நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுபோகிறது. ஸ்டூ எனக்கு ஒரு கோப்பை வாங்கி வைத்துவிட்டு வேறு மேசைக்குப் போய்விட்டான். என்னைப் பார்த்துச் சிரித்தபோதே நன்றாக இருந்தது.

கழகத்தில் உன் படத்தைக் கழற்றிவிட்டார்கள். சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாக இருக்கிறது.

கோர்ட்டில் நீ ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. நான் நீல மேல்சட்டை போட்டிருந்தேன். கைப்பகுதியை மடித்து ஊசி குத்தத் தெரியவில்லை. அது ஆடிக்கொண்டே இருந்தது. ஏன் இடம் மாறினீர்கள் என்று நீதிபதி கேட்டார். மான் நகர்ந்தது, அதனால் நானும் நகர்ந்தேன் என்றேன். உன் கேள்விக்கும் அதுதான் பதில்.

டூகல்


ஓமரூ
12 டிசம்பர் 1993

டூகல்,

அது பதில் இல்லை.

மான் நகரவில்லை. நான் அங்கே இருந்தேன். அது கடைசிவரை என் வலப்பக்க மேட்டில் ஒரே இடத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தது. நீ வந்தது இடப்பக்கம். கத்துகிற மானுக்குப் பின்னால் சத்தமில்லாமல் வேறொன்று வரும், அதுதான் பெரியதாக இருக்கும் என்று எனக்குச் சொல்லித் தந்தவனே நீதான். அதை நம்பித்தான் இடப்பக்கம் திரும்பினேன். நீதிபதிக்கு இதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரியும்.

அபராதம் கட்டியாயிற்று. துப்பாக்கியைக் கொடுத்தாயிற்று. தூக்கம் கொஞ்சம் வருகிறது. ஆனால் நீ மானிடம் போகவில்லை. என்னிடம் வந்தாய். விதியை மீறி, கூப்பிடாமல், சத்தமில்லாமல் வந்தாய். அது ஏன் என்று தெரியாமல் உன் எதிரே உட்கார்ந்து என்னால் கஞ்சி குடிக்க முடியாது. உனக்கு நான் குண்டு தவிர வேறென்ன செய்தேன் என்று யோசித்துக்கொண்டே இருப்பேன்.

பதில் இருந்தால் எழுது. இல்லாவிட்டால் எழுதாதே. கிறிஸ்துமஸ் வாழ்த்துகூட வேண்டாம்.

நைரி


டுவாடபெரி
3 ஏப்ரல் 1994

நைரி,

வாழ்த்து அனுப்பவில்லை. அதற்குப் பிறகும் எதையும் அனுப்பவில்லை. எழுதிக் கிழித்தது நிறைய. அடுப்புக்கு நல்லதாகப் போயிற்று.

மான்கள் கத்தத் தொடங்கிவிட்டன. மேய்ச்சல் வெளியின் வேலியோரம் நின்றாலே காட்டிலிருந்து கேட்கிறது. கார்களில் ஆட்கள் மேலே போகிறார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் போயிருக்கமாட்டேன். கொம்பை ஊதுவதற்கு ஒரு கை போதும், ஆனால் மூச்சு வரவில்லை.

நீ கேட்டதை எழுதுகிறேன். ஒரு வரியையும் விடாமல்.

கொம்பு ஊதுகிறவனுக்கு மான் கண்ணில் படாது. அவனுக்குக் கிடைப்பது சத்தம்தான். நான் ஊதுவேன், மேலே அது பதில் கத்தும், நான் திரும்ப ஊதுவேன். பிறகு வெடி. பிறகு "டூகல், மேல வா!" என்று உன் குரல். நான் ஏறி வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். நீ சட்டைக்கையை மடித்துவிட்டுக் கத்தியோடு குனிந்திருப்பாய். "நல்லா ஊதினே கெழவா" என்பாய். எனக்கு அது போதும் என்றுதான் எத்தனையோ வருஷம் இருந்தேன்.

அன்று காலையில் வேட்டைக் குடிசையில் நீ காலணி மாட்ட முடியாமல் உட்கார்ந்தாய். "இதான் கடைசி வருஷம் டூகல். முட்டி போயிருச்சு. இனிமே கறிக்கடைதான்" என்றாய். நான் சிரித்தேன். ஆனால் கல்லில் நின்று ஊதும்போது அதுவே தலையில் ஓடியது. நீ குறி பார்ப்பதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையே என்று தோன்றியது. ஊரே உன்னைப் பற்றிப் பேசுகிறது, நைரி மாதிரி துப்பாக்கியைப் பிடிக்க ஆள் இல்லை என்று. நான் கணவன். நான் பார்த்ததில்லை. இன்றைக்கு விட்டால் இனி இல்லை.

அதனால் கொம்பைக் கல்லின் மேல் வைத்துவிட்டு, இடப்பக்கமாக ஏறினேன். மான் வலப்பக்கம் கத்தியதால் நீ அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருப்பாய், ஓரமாக நின்று பார்த்துவிட்டு இறங்கிவிடலாம், உனக்குத் தெரியவே தெரியாது என்று நினைத்தேன்.

பெரணிக்கு நடுவே தலையைத் தூக்கினேன். நீ தெரிந்தாய். கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் சாய்த்திருந்தாய். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். நேராக.

கத்தியிருக்கலாம், நைரி. உன் பெயர் சின்னப் பெயர். நேரம் இருந்தது. நீ அவசரப்பட்டுச் சுடுகிறவள் இல்லை. மூச்சை விட்டு, நிதானித்து, பிறகுதான். அந்த நேரம் முழுக்க நான் நின்றேன். கத்தவில்லை. பயத்தில் வாய் அடைத்துப்போய்விட்டது என்று ஜோசியிடம் ஒரு நாள் சொன்னேன். அதுவும் பொய்.

நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகத்தை எனக்குத் தெரியாது. வீட்டில் எங்கும் அது இல்லை. கல்யாணத்திலும் இல்லை. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை, கவலை இல்லை. நான் இல்லை, யாருமே இல்லை. இவள்தானா என் மனைவி என்று நினைத்தேன். சந்தோஷமாக இருந்தேன். அதுதான் உண்மை. சந்தோஷத்தில் மறந்துவிட்டேன், அந்தக் கண் பார்ப்பது என்னை என்று.

இதைக் கான்ஸ்டபிளிடம் எப்படிச் சொல்வது? நீதிபதியிடம்? குழலைப் பிடித்து இழுத்தேன் என்பது எளிதாக இருந்தது. உன்னைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னேன் என்று நானே நம்பிவிட்டேன். நீ தனியாகப் போய்க் கோர்ட்டில் நின்றாய். நான் பின்வரிசையில் மேல்சட்டையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இவ்வளவுதான். நீ வரமாட்டாய் என்று தெரியும்.

டூகல்


ஓமரூ
17 ஏப்ரல் 1994

டூகல்,

கடிதம் கிடைத்தது. பெரில் கேட்டாள், "மச்சான் என்ன எழுதியிருக்காரு?" என்று. ஒன்றும் இல்லை, மான் கத்துகிறதாம் என்றேன்.

அதை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். காற்று தாளைப் பிடுங்கப் பார்த்தது. காலுக்கடியில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு உன்னைத் திட்டினேன். அங்கே யாரும் இல்லை, கடற்பறவைகள்தான். எனக்கு இவ்வளவு கெட்ட வார்த்தை தெரியும் என்று எனக்கே தெரியாது. ஒரு வருஷம், டூகல். ஒரு வருஷமாக நான் ஒருத்தி மட்டும் உன் கையைப் பறித்ததாக நினைத்துத் திரிந்தேன். நீ நின்றுகொண்டு ரசித்திருக்கிறாய்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. மன்னிக்க மாட்டேன் என்றும் எழுத வரவில்லை. இரண்டையும் எழுதிப் பார்த்தேன். அந்த முகத்தைப் பற்றி நீ எழுதியதை மட்டும் எத்தனையோ தடவை படித்தேன். என்னை அப்படி யாரும் பார்த்ததில்லை. அதற்காக உன்னை அறையவேண்டும் போலவும் இருக்கிறது, வேறு மாதிரியும் இருக்கிறது.

அந்த முகம் இனி கிடையாது. துப்பாக்கி இல்லாமல் அது வராது. நீ பார்த்தது கடைசி. அதையும் தெரிந்துகொள்.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. என் கம்பளி உடுப்புகள் எல்லாம் அங்கே அலமாரியில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை பேருந்தில் வருகிறேன். உடுப்பை எடுக்க வருகிறேன். தங்குவேன் என்று சொல்லவில்லை. அடுப்பை மூட்டி வை. கஞ்சி வைத்தால் குடிப்பேன். உருளைக்கிழங்கு வேண்டாம்.

பேருந்து கடைத்தெருவில் நிற்கும்போது சன்னலில் ஆவி படிந்திருக்கும். வெளியே யார் என்று எனக்குத் தெரியாது. கூட்டத்தில் ஓரமாக நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருக்காதே. கத்து. என் பெயரைச் சொல்லிக் கத்து. ஸ்டூ சிரித்தாலும் சரி, கான்ஸ்டபிள் திரும்பிப் பார்த்தாலும் சரி. உன் குரல் கேட்டால்தான் இறங்குவேன்.

நைரி